பெயரறிந்து உண்போம்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு, வேற்று மொழி வழங்கும் ஊர்களில் குடியேறி வாழும் குடும்பங்களுக்கு, புதிய ஊரோடு முதல் உறவு உண்டாவது நாக்கின் வழியாகவே என்று கூறலாம். அவ்வூர்ச் சொல் வாயில் நுழைவதற்கு முன்னரே அவ்வூர்ப் பண்டம் நுழைந்து விடுகின்றது. நம் இல்லத்தில் ஆறாண்டுகளாக நடந்து வரும் அத்தகைய பழக்கம் ஒன்றைப் பற்றி இவ்விதழில் எழுத எண்ணினோம். சொல்ல இருப்பவற்றுள் இனியவை பல. இடையே ஒரு துன்பச் செய்தியும் உண்டு. அதனை அன்பர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே எழுதத் துணிந்தோம்.

நாம் வாழும் குடிபாலா, சித்தூரிலிருந்து வேலூர் செல்லும் சாலையில், ஆந்திர மாநிலத்தின் எல்லையை ஒட்டி அமைந்த ஊராகும். 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் தனியாக அமையும் வரை இப்பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்தின் தலைநகராக விளங்கியதும் சித்தூரே. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதனுடன் சென்றது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. எல்லைக் கோடு இவ்வாறு நகர்ந்த போதிலும், இங்குள்ள மக்களின் பேச்சிலும் அடுப்பங்கரையிலும் இரு மொழிகளும் இன்றளவும் கலந்தே வழங்குகின்றன. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த நமக்கோ இங்குள்ள தமிழும் புதிது, தெலுங்கும் புதிது.

குடிவந்த முதல் ஆண்டிலேயே நம் இல்லத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. சம்பளம் வந்த பின் வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை சித்தூர்க் கடைத்தெருவுக்குச் சென்று, அதுவரை உண்டறியாத பண்டம் ஒன்றைக் கால் கிலோ வாங்கி வருவோம். மாலையில் நம் தாயார், மனைவி, மக்கள் இருவர் என எல்லோரும் கூடத்தில் அமர்ந்து உண்டு, அவரவர் கருத்தைச் சொல்ல வேண்டும். நன்றாக இல்லை என்று சொல்பவரும் காரணம் கூற வேண்டும் என்பது விதி.

இதற்கு ஏற்ற கடைகளுக்கு இங்கே குறைவில்லை. "ஸ்வக்ருஹா" என்ற பெயர்ப்பலகை தாங்கிய பலகாரக் கடைகளை ஆந்திர நகரங்கள் பலவற்றிலும் காணலாம். தன் வீடு என்பது அச்சொல்லின் பொருள். வீட்டில் செய்யும் முறையிலேயே செய்த இனிப்பும் காரமும், பருப்புப் பொடியும் ஊறுகாயும் அங்கே விற்கப்படும். கோதாவரிக் கரையின் பண்டமும் கிருஷ்ணைக் கரையின் பண்டமும் ஒரே கண்ணாடிப் பெட்டியில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும்.

உண்டறிந்த பண்டங்கள்

முதலில் வாங்கியது மாமிடி தாண்ட்ரா. மாம்பழச் சாற்றில் வெல்லமோ சர்க்கரையோ கலந்து, பாயின் மேல் மெல்லிதாகப் பூசி வெயிலில் உலர்த்துவர். காய்ந்த பின் அதன் மேலேயே மறு பூச்சு. இவ்வாறு பல நாள் பூசிப் பூசித் தடித்த பின் வெட்டி எடுப்பர். அதன் நிறத்தையும் வளைவையும் கண்ட தாயார், "என்னப்பா இது, செருப்புத் தோல் போல இருக்கிறதே!" என்றார். ஒரு துண்டு உண்ட பின் மறு துண்டைத் தாமே எடுத்துக் கொண்டார். பனம்பழச் சாற்றிலும் இவ்வாறே செய்வதுண்டு. அதற்குத் தாட்டி தாண்ட்ரா என்று பெயர். யாழ்ப்பாணத்துத் தமிழர் பனாட்டு என்று வழங்குவதும் அவ்வகையினதே ஆகும்.

மாம்பழத்தைப் பற்றிச் சொல்லும்போது இம்மாவட்டத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். கிளிமூக்கு என்று தமிழ்நாட்டில் வழங்கும் தோத்தாபுரி மாமரங்கள் இங்கே மிகுதி. அதன் கூழைப் பிழிந்து பானத் தொழிலுக்கு அனுப்பும் ஆலைகளும் பல. 2025-ஆம் ஆண்டில் விளைச்சல் மிகுந்து விலை வீழ்ந்தபோது, கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தர வேண்டும் என ஆந்திர அரசு வகுத்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பிற மாநிலத் தோத்தாபுரி சித்தூர் மாவட்டத்துக்குள் வரத் தடையும் விதிக்கப்பட்டது. நாம் வாயில் இட்டுச் சுவைக்கும் ஒரு துண்டு தாண்ட்ராவின் பின்னே உழவரின் இத்தகைய கவலைகளும் இருக்கின்றன.

அடுத்து உண்டது பந்தர் லட்டு. மசூலிப்பட்டினத்தைத் தெலுங்கர் பந்தர் என்பர். கடலை மாவை எண்ணெயில் பிழிந்து பொரித்து, அதனை இடித்துப் பொடியாக்கி, வெல்லப் பாகும் நெய்யும் சேர்த்துப் பிடிப்பது இது. இடித்துச் செய்வதால் தொக்குடு லட்டு என்றும் பெயர். 2017-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. திருப்பதி லட்டு அச்சிறப்பை 2009-இலேயே பெற்று விட்டது. நம் ஊர்க் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் கிடைத்தபோது தாயார் அடைந்த பெருமிதம் சொல்லி முடியாது.

சில பண்டங்கள் வேற்றுப் பெயரில் வந்த நம் பண்டங்களாகவே இருந்தன. அரிசெலு என்று வாங்கி வந்ததைப் பிரித்துப் பார்த்தால் அதிரசம்! ஊறவைத்து இடித்த அரிசி மாவும் வெல்லப் பாகும்தான். சுன்னுண்டலு என்பது உளுந்துருண்டை. ஓளிகலு என்பது போளி. நிப்பட்லு என்பது தட்டை. "பெயரை மாற்றி நம்மிடமே விற்கிறார்கள்" என்று தாயார் நகைப்பார். தெலுங்கரும் தமிழ்நாட்டில் அவ்வாறே எண்ணி நகைப்பர் போலும்.

இவை எல்லாவற்றிலும் விந்தையானது பூதரேக்கு. கோதாவரிப் பகுதியிலுள்ள ஆத்ரேயபுரம் இதற்குப் பெயர் பெற்றது. 2023-இல் இதுவும் புவிசார் குறியீடு பெற்றது. மண்பானையைக் கவிழ்த்து, உள்ளே தீயிட்டுச் சூடாக்கி, நீர்த்த அரிசி மாவில் தோய்த்த துணியை அதன் மேல் ஒரு முறை இழுப்பர். இழுத்த மாத்திரத்தில், ஊதினால் பறக்கக்கூடிய வெண்ணிறத் தாள் ஒன்று பானை மேல் படியும். அதனை எடுத்து, நெய் தடவி, சர்க்கரையோ வெல்லத் தூளோ தூவி மடிப்பர். வாயில் இட்டால் தாள் தெரியாது, இனிப்பு மட்டுமே தெரியும். பூத என்பது பூச்சு, ரேக்கு என்பது தகடு. முந்திரி, பாதாம், பிஸ்தா ஆகியவற்றின் தூளை உள்ளே வைத்து மடிக்கும் வகையும் உண்டு. மடித்த பின் எது எவ்வகை என்பது வெளியே தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

நம் மூத்த மகனுக்கு இப்போது வயது ஒன்பது. நான்கு வயதில், ஒரு திருமண வீட்டுப் பாயசத்தில் கிடந்த முந்திரிப் பருப்பை உண்டவுடன் அவன் உடலெங்கும் தடிப்புகள் எழுந்தன. அது ஒவ்வாமை என்றும், முந்திரியையும் அதனோடு உறவுடைய பிஸ்தாவையும் அவன் உண்ணலாகாது என்றும் மருத்துவர் கூறினார். நிலக்கடலை அவனுக்குத் தீங்கு செய்யவில்லை. மாவும் முந்திரியும் ஒரே தாவரக் குடும்பம் என்று கேள்வியுற்று அதனையும் கேட்டோம். இதுவரை மாம்பழம் உண்டு தீங்கு நேராததால் அஞ்ச வேண்டா என்றார். அன்று முதல் நம் இல்லத்தில் முந்திரி இல்லை. வெளியில் வாங்கும்போதும் கேட்டே வாங்குவோம்.

இரண்டாண்டுகளுக்கு முன், ஆவணித் திங்களில் ஒரு ஞாயிறு. நகரத்துக் கடை ஒன்றில் பூதரேக்கு வாங்கினோம். விற்பனைக்கு நின்றிருந்த இளைஞர் கோதாவரிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து சில நாட்களே ஆனவர். நாம் நமக்குத் தெரிந்த தெலுங்கில், "இந்துலோ முந்திரி உந்தா?" என்று கேட்டோம். அவர் சற்று விழித்து, "லேதண்டி" என்றார். இல்லை என்று பொருள். நாமும் மனநிறைவோடு பெட்டியை வாங்கி வந்தோம்.

மாலையில் மகன் ஒன்றை எடுத்துப் பாதி உண்டான். சில நிமிடங்களில் உதடுகள் வீங்கின. கழுத்தில் தடிப்பு எழுந்தது. இருமல் தொடங்கிக் குரல் கம்மியது. "ஆச்சி, தொண்டை அடைக்கிறது" என்று அவன் சொன்ன சொல் இன்னும் நம் காதில் இருக்கிறது. அண்டை வீட்டார் தம் ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தனர். தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பின்னரே மூச்சு சீர்ப்பட்டது. இத்தகைய கடும் ஒவ்வாமைக்கு முதல் மருந்து அதுவே என்றும், நேரம் கடத்தியிருந்தால் உயிருக்கே இடர் என்றும் மருத்துவர் கூறினார். ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். பெட்டியில் எஞ்சியவற்றைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே முந்திரியும் பிஸ்தாவும் தூளாக இருந்தன.

அடுத்த வாரம் சினத்தோடு அக்கடைக்குச் சென்றோம். செய்தியைக் கேட்ட இளைஞரின் முகம் வெளுத்தது. "ஜீடிபப்பு என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே ஐயா! நீங்கள் கேட்ட பொருள் இன்னதென்றே எனக்கு விளங்கவில்லை. அப்படி ஒன்று இதில் இல்லை என்றேன்" என்று கண் கலங்கினார். நம் சினம் அவ்விடத்திலேயே அவிந்து விட்டது.

புகைவண்டி நிலையத்தில் பார்சல் பதிவு செய்வது நம் தொழில். உள்ளே இருக்கும் பொருள் இன்னதென்று எழுதித் தராத மூட்டையை நாம் ஏற்பதில்லை. எழுத்துப் பிழையிருந்தாலும் திருப்பி அனுப்புவோம். அப்படிப்பட்ட நாம், இந்த ஊரில் நான்கு ஆண்டுகள் சம்பளம் வாங்கி உண்டும், பெற்ற மகனின் உயிர் எந்தச் சொல்லைப் பற்றி நிற்கின்றதோ அந்த ஒரு சொல்லை இவ்வூர் மொழியில் கற்காமல் இருந்தோம். குடிபாலாவில் எல்லோரும் தமிழ் அறிவர், ஆகவே தெலுங்கு கற்கத் தேவையில்லை என்று இருந்த நம் சோம்பலே பிழை. இதனை மறைக்காமல் எழுதுகின்றோம்.

ஒரு பொருளுக்குப் பல பெயர்கள்

அதன் பின் சொற்களைத் தேடித் திரட்டலானோம். அவற்றுள் சிலவற்றைக் கூறினால் பிற மாநிலங்களில் வாழும் அன்பர்களுக்கும் பயன்படும்.

நாம் முந்திரிப் பருப்பு என்பதைத் தெலுங்கர் ஜீடிபப்பு என்பர். கன்னடத்தில் கோடம்பி. இந்தியில் காஜு. மலையாள நாட்டில் வாழும் அன்பர்கள் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும். அங்கே முந்திரி என்றால் திராட்சை. நம் முந்திரிக்கு அங்கே கசுவண்டி என்று பெயர். தமிழிலேயே நாகர்கோவில் பக்கத்தில் அண்டிப்பருப்பு என்பது வழக்கு. இம்மரம் பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியரால் பிரேசில் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது. அதுவும் நம்மைப் போல் குடிபெயர்ந்து வந்ததே. போன இடந்தோறும் ஒரு பெயர் பெற்றுக் கொண்டது.

கடலையின் கதை இன்னும் குழப்பமானது. தெலுங்கில் செனகலு என்றால் கொண்டைக்கடலை, வேருசெனகலு என்றால் நிலக்கடலை. இப்பக்கத்துப் பேச்சில் செனக்காயலு என்பதும் நிலக்கடலையையே குறிக்கும். பல்லீலு என்றும் சொல்வர். வேலூர்ப் பக்கத் தமிழில் அது மல்லாட்டை. நிலக்கடலை ஒவ்வாத குழந்தை உள்ள வீட்டில், இச்சொற்களுள் ஒன்று தவறினாலும் தீங்கு நேரும். எள் இங்கே நுவ்வுலு. முட்டை கோடிகுட்டு. இறால் ரொய்யலு. மீன் சேப்பா. பாலும் கோதுமையும் பெயரளவில் பெரிதும் மாறவில்லை.

மேலுறையில் உள்ள எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, உறையிட்டு விற்கும் பண்டத்தில் பசையமுள்ள தானியம், நண்டு இறால் வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலை, முந்திரி முதலிய மரக்கொட்டைகள், சோயா, சல்ஃபைட் ஆகியவை இருப்பின் அதனைத் தனியே குறிக்க வேண்டும். ஆயின் அக்குறிப்பு ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் சட்டத்திற்குப் போதும். மாநில மொழியில் எழுதுவது விற்பவர் விருப்பம். சதுரத்தினுள் பச்சை வட்டம் இருந்தால் அச்சமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அது சைவப் பண்டம் என்பதை மட்டுமே காட்டும். முந்திரியும் சைவந்தானே! தட்டில் அடுக்கி எடை போட்டுத் தரும் பண்டத்திற்கோ மேலுறை எழுத்தின் துணையும் இல்லை. அங்கே நம் வாயும் கடைக்காரர் செவியுமே துணை.

நிறத்தையும் கவனிக்க வேண்டும். ரோடமின்-பி என்னும் சாயம் கலந்திருப்பது ஆய்வில் தெரிந்து, 2024 பிப்ரவரியில் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் பஞ்சுமிட்டாய் விற்பனை தடை செய்யப்பட்டதை அன்பர்கள் அறிவர். கண்ணைப் பறிக்கும் நிறமுடைய பண்டத்தை நாம் வாங்குவதில்லை.

அவ்வா வந்த நாள்

அந்த ஞாயிற்றுக்குப் பின் தாயார் கண்டிப்பான கட்டளை ஒன்று இட்டார். வெளிப் பண்டம் எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது. சம்பள ஞாயிறு வரும், போகும். கூடத்தில் யாரும் அமர்வதில்லை. மக்கள் இருவரும் கேட்கவும் அஞ்சினர். ஐந்து திங்கள் இவ்வாறு கழிந்தன.

சங்கராந்தி வந்தது. அண்டை வீட்டு முதியவள், நம் மக்கள் அவ்வா என்று அழைப்பவள், வழக்கம் போல் தன் கையால் செய்த சுன்னுண்டலு கொண்டு வந்தாள். தாயார் முகம் கோணாமல் வாங்கி மேல் தட்டில் வைத்து விட்டார். குழந்தைகளுக்குத் தரவில்லை. இரண்டு நாள் கழித்து வந்த அவ்வா, பாத்திரம் தொடாமல் இருப்பதைக் கண்டாள். அவளுக்குக் காரணம் தெரியும். மகனை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது அவள் மகனின் ஆட்டோவே. அவள் வருந்தவுமில்லை, வாதாடவுமில்லை. "அக்கா, உங்கள் அடுப்பு, உங்கள் உளுந்து, உங்கள் வாணலி. நான் செய்கிறேன், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்" என்றாள்.

அவ்வாறே மறுநாள் செய்தாள். உளுந்து சிவந்து மணம் வரும் வரை வறுத்தாள். நம் வீட்டு அம்மியிலும் மிக்சியிலும் பொடித்தாள். வெல்லமும் உருக்கிய நெய்யும் விட்டுப் பிடித்தாள். முதல் உருண்டையைத் தாயார் தம் கையாலேயே பேரனுக்கு ஊட்டினார். பின்னர், ஊரிலிருந்து வந்திருந்த கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து அவ்வாவின் மடியில் வைத்தார். அவ்வா அதனைக் கடித்து, "செனக்காய், பெல்லம்" என்றாள். "கடலை, வெல்லம்" என்றார் தாயார். இருவருக்கும் அது முதல் மொழிப் பாடம்.

மகனுக்கும் அன்றே பாடம் தொடங்கிற்று. பள்ளியில் அவன் தெலுங்கு எழுத்துக் கற்றிருந்தான். தமிழ் எழுத்து அரைகுறை. சமையலறைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி, முந்திரி, ஜீடிபப்பு, காஜு, பிஸ்தா என்ற நான்கு சொற்களையும் தமிழ், தெலுங்கு, ஆங்கிலம், இந்தி ஆகிய நான்கு எழுத்திலும் எழுதச் செய்தோம். நன்மைக்காகக் கற்றால் குழந்தைகள் சலிப்பர் என்பார்கள். தன் மூச்சுக்காகக் கற்ற இவன் சலிக்கவில்லை. முந்திரியைத் தேடக் கற்ற தமிழெழுத்தைக் கொண்டு இப்போது நம் சங்க இதழின் சிறுவர் பக்கத்தையும் எழுத்துக் கூட்டிப் படிக்கின்றான். தாயாரும் தெலுங்கில் ஜீடிபப்பு என்பதை மட்டும் உருவம் கண்டு அறிந்து கொள்கிறார். அவர் அறிந்த ஒரே தெலுங்கு எழுத்து அதுவே.

சென்ற திங்கள் சம்பள ஞாயிறன்று மகனே கடைக்காரரிடம் சென்றான். "அண்ணா, இந்துலோ ஜீடிபப்பு உந்தா? பிஸ்தா உந்தா?" என்று தெளிவாகக் கேட்டான். அவர் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார். இவன் விரலை வைத்து வரி வரியாகப் பார்த்து, "இது வேண்டாம் அப்பா" என்று அலமாரியில் வைத்து விட்டான். முகத்தில் வருத்தம் இல்லை. தாட்டி தாண்ட்ரா கால் கிலோ வாங்கி வந்தோம். மாலையில் ஐவரும் கூடத்தில் அமர்ந்தோம், அவ்வாவும் வந்திருந்தாள்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய பண்டங்களை உண்டு பாருங்கள். வந்த ஊரின் சுவையை அறியாமல் வாழ்வது அவ்வூரில் பாதி வாழ்வதற்கு ஒப்பாகும். ஆயின் உண்பதற்கு முன் அதன் பெயரையும், அதனுள் அடங்கியவற்றின் பெயர்களையும் அவ்வூர் மொழியில் கேட்டறியுங்கள். ஒவ்வாமை உள்ள குழந்தை இருப்பின், அதற்குரிய சொல்லை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்யுங்கள். மும்பையிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் வாழும் அன்பர்கள் தத்தம் ஊரில் வழங்கும் பெயர்களை எழுதி இதழுக்கு அனுப்பினால், நம் கரும்பலகையில் இடம் இருக்கின்றது. மகன் எழுதிக் கொள்வான்.